நாங்க பாத்துக்கறோம்

தையலக்காவுக்குப் பயப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. காரணம் கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். தொலைபேசி அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. அடிக்காமலே கிடந்தால், எடுத்துச் சொல்லக்கூட ஆளில்லாத அளவுக்கு ஏதோ ஆகிவிட்டது. சீருடை போட்ட ஆள் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், அவர் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவராகவே இருந்தாலும் இவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் வேலைக்குக் கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்பாள். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "பாத்து நட" என்பாள். நாத்தனார் குளியலறைக்குள் போனால்கூட "பாத்து, வழுக்கும்" என்பாள். அந்த வீட்டில் உப்பு தீர்ந்தாலும் தீரும், இந்தப் 'பாத்து' தீராது.

அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளைவிட மூத்தவர்கள் உட்பட ஊரே தையலக்கா என்றுதான் கூப்பிட்டது. பூங்கா மதிலை ஒட்டி நகரசபை கட்டிவிட்ட கடை வரிசையில் கடைசி அறை அவளுடையது. ஒரு தையல் இயந்திரம், துணி வெட்ட ஒரு மேசை, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு திரை. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் அவள் கல்யாணத்துக்குப் பிறகான காலம் முழுவதையும் ஓட்டியிருந்தாள். கால்சட்டைகளைக் குட்டையாக்கினாள், பருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுத்தாள். வாய்ப்பேச்சு அதிகம் இல்லாததால் ஊர் ரகசியம் பாதி அந்தத் திரைக்குள் பத்திரமாக இருந்தது. அறையை நகரசபை வருடா வருடம் புதுப்பித்துக் கொடுக்கும். கொடுக்காமலும் போகலாம். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இயந்திரத்துக்கு எதிரே பூங்காவைப் பார்த்து ஒரு கம்பி போட்ட ஜன்னல். அதில் அவளுக்கு எப்போதும் தெரிவது ஓர் ஊஞ்சல். ஊஞ்சலுக்கு மேலே, பெரிய மரத்தின் தடித்த கிளை ஒன்று. மரமெல்லாம் பச்சையாக இருக்க, அந்தக் கிளையில் மட்டும் ஓர் இலைகூட இல்லை. பட்டை உரிந்து கிடந்தது. காக்கை வந்து உட்கார்ந்தால் பொடி கொட்டியது. பூங்காவில் இருந்த மற்ற ஊஞ்சல்களின் சங்கிலிகள் எப்போதோ அறுந்துபோய், யாரும் மாட்டாமல், மிஞ்சியது இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் அதில் ஆட வருகிறவள் அவளுடைய ஒரே மகள். அவளை வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிட்டார்கள், காரணத்தோடுதான் கூப்பிட்டார்கள். நாத்தனார் வேலை முடிந்து வரும்வரை வீடு பூட்டியிருக்கும். கடைக்குள் பிள்ளை நிற்க இடமில்லை. பூங்காவுக்குப் போகாதே என்றால் வேறு எங்கே போவாள்? ஆகவே தையலக்கா ஒரு கண்ணைத் துணியிலும் ஒரு கண்ணைக் கிளையிலும் வைத்துத் தைத்தாள். கொஞ்சம் காற்றடித்தால் போதும், ஜன்னலுக்கு ஓடிவந்து "வாலு, இறங்குடி!" என்று கத்துவாள். வாலு கையை ஆட்டிவிட்டு இன்னும் உயரமாக ஆடுவாள். தினம் நடக்கிற கூத்து என்பதால் பூங்காவில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவைப் பற்றி நகரசபையிடம் நேரில் கேள்வி கேட்பது என்று குடியிருப்பவர்கள் கிளம்பினார்கள். கிளப்பியவர் மருந்துக்கடைக்காரர். யாரும் தேர்ந்தெடுக்காமலே தெருவுக்குத் தலைவரானவர். புல் முழங்கால் உயரம், குழாயில் தண்ணீர் இல்லை, பெஞ்சுகளுக்கு முதுகில்லை, கடைப்பக்கத்து வாசலை நினைத்தால் திறக்கிறார்கள் நினைத்தால் பூட்டுகிறார்கள். "ஆளுக்கு ஒரு கேள்வி கேக்கணும்க்கா. நீங்களும் வாங்க" என்றார். "நான் எதுவும் கேக்கமாட்டேன்ணே. தலைய எண்ணறதுக்கு வேணும்னா வர்றேன்" என்றாள் தையலக்கா. கிளையைப் பற்றி அவரே கேட்டுவிடுவதாகச் சொன்னதால்தான் அவள் போனாள்.

கூட்டத்தில் பதில் சொல்ல உட்கார்ந்திருந்தவர் பூங்காப் பிரிவு அதிகாரி. மெலிந்த உடம்பு, கண்ணாடி, குரலை உயர்த்தவே உயர்த்தாத மனிதர். எவ்வளவு கத்தினாலும் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். கத்துகிற ஆளிடம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும், சிரிக்கிறவரிடம்தான் தெரியாது என்பது தையலக்காவின் கட்சி. அவள் கடைசி வரிசையில் மூச்சுக்காட்டாமல் இருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் வாசல் பூட்டைப் பிடித்தார், பிடித்த பிடியை விடவேயில்லை. சாவி யாரிடம் இருக்கிறது, ஏன் அவரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போனால் யாரிடம் இருக்கும் என்று நேரம் முழுவதும் பூட்டிலேயே போய்விட்டது. கிளையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. "வேற ஒண்ணும் இல்லைன்னா முடிச்சுக்கலாமா?" என்றார் அதிகாரி. நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அப்போது பார்த்துக் காற்றில் ஒரு ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

தையலக்கா எழுந்து நின்றிருந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நகரசபையிடம் இருந்த பயத்தைக் கிளையிடம் இருந்த பயம் பிடித்துத் தள்ளிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"சார், ஊஞ்சலுக்கு மேல ஒரு கிளை பட்டுப்போய் நிக்குது சார். கீழ பிள்ளைங்க ஆடுது. அதை... விழறதுக்கு முன்னாடி வெட்டுவீங்களா, விழுந்தப்புறம் வெட்டுவீங்களா?"

கடைசிப் பகுதி குத்தலாக வந்து விழும் என்று அவள் நினைக்கவேயில்லை. கூடமே கைதட்டியது. அதிகாரி தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றார்.

"மதிலோரமா... தையல் கடை சார்."

"ஓ, நம்ம கடை!" அவர் சிரித்தார். "சரிம்மா. நாங்க பாத்துக்கறோம்."

இந்தச் சொல்லை நம்மவர்கள் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் போகும் மகளிடம் தாய் சொல்வதும் இதுதான். தெருச் சண்டையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டே விலகிப் போகிறவன் சொல்வதும் இதுதான். எழுத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. தையலக்கா கூட்டத்திலிருந்து வீடு வரும்வரை அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் உள்பக்கம் என்றே தெரியாத துணியாக இருந்தது அது.

வீட்டில் விசாரணை நடந்தது.

"'அதைப் பாத்துக்கறோம்'னாரா, 'உங்களைப் பாத்துக்கறோம்'னாரா?" என்றார் கணவர்.

"ரெண்டும் சொல்லலைங்க. மொட்டையா பாத்துக்கறோம்னார்."

"சிரிச்சாரா?" என்றாள் நாத்தனார்.

"சிரிச்சார்."

"அப்ப கடை போச்சு அண்ணி."

"சும்மா இரு" என்று தங்கையை அடக்கினார் கணவர். "எங்க டிப்போ மேனேஜரும் போன வருஷம் ஒருத்தர்கிட்ட இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவரு இப்ப எங்க வண்டி ஓட்டறாருன்னே..." மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது வேற விஷயம், விடு" என்று சாப்பாட்டில் குனிந்துகொண்டார்.

வாலு மட்டும் உற்சாகமாக இருந்தாள். இடுப்பில் கைவைத்து, கண்ணை உருட்டி ஒரு தரம், கன்னத்தில் கைவைத்துக் கொஞ்சலாக ஒரு தரம் "நாங்க பாத்துக்கறோம்" என்று நடித்துக் காட்டி, "இதுல எதும்மா?" என்றாள். தையலக்காவுக்கு இரண்டுமே அதிகாரியின் குரலாகத்தான் கேட்டது.

அந்த அறை போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இயந்திரம் போட இடமில்லை. வேறு இடத்தில் கடை பிடிக்க வழியில்லை. அளவு கொடுத்தவர்களின் துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அவள் யாராக இருப்பாள்? இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் கால் மிதிக்கவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டாள்.

அந்த நிலையில் ஒரு காலையில் நகரசபை ஆட்கள் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து நின்றார்கள். அவளுடைய கடை மதிலிலிருந்து தெருவரைக்கும் அளந்தார்கள். ஒருவர் மேலே பார்த்தார், மற்றவர் கீழே பார்த்தார். பிறகு மஞ்சள் பெயிண்டால் அவள் வாசலுக்கு நேராகத் தரையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

அளவெடுத்துக் குறி போட்டால் அடுத்தது என்ன என்று தையல்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? வெட்டுதான்.

"எதுக்குங்க இது?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மேல சொன்னாங்கக்கா, போட்டுட்டோம். வண்டி வந்ததும் தெரியும், பாத்துக்கலாம்" என்று பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கடையைப் பூட்டினாள். கழுத்தில் அளவு நாடா தொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நகரசபைக்குப் போனாள். அதிகாரியின் அறை வாசலில் நின்று, உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனாள்.

"என்னம்மா?"

"சார், அன்னிக்குக் கேட்டேனே ஒரு கேள்வி. அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாபஸா? கிளை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு சார்." தன் வாயால்தான் அதைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் சொன்னாள். "நான்தான் ஏதோ புரியாம கேட்டுட்டேன்."

"எழுதிக் கொடுக்கணுமா சார்?" என்றும் கேட்டாள்.

"வாயால கேட்டதுதானே, வாயால சொன்னா போதும்." அவர் பெருமூச்சு விட்டார். "எங்கிட்ட இருக்கறது ஒரே வண்டி. ஆளாளுக்குக் கேக்கறாங்க. புகார் இல்லைன்னா, வண்டிய வேற பக்கம் அனுப்பிடறேம்மா."

கடையை இடிக்க வருகிற வண்டி வேறு பக்கம் போகிறது! தையலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் குவித்து, "ரொம்ப நன்றி சார், நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அவருக்கு எதற்கு இந்தக் கும்பிடு என்று விளங்கவில்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்று தைத்த சட்டைகளில் பொத்தானெல்லாம் நூல் பிடித்தது மாதிரி நேராக உட்கார்ந்தன. சந்தோஷத்தில் கொஞ்ச நாள் கிளையைப் பார்ப்பதையே விட்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு காற்று நாட்கள் வந்தன. ஒரு சாயங்காலம் குப்பையெல்லாம் தெருவில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைக்குள் ஒதுங்கினார்.

"ஏங்க்கா, வண்டி வருதுன்னாங்க, இன்னும் காணோமே?"

"எந்த வண்டிண்ணே?"

"கிளை வெட்டற ஏணி வண்டிதான். உங்க வாசல்லதானே குறி போட்டுட்டுப் போனாங்க? அங்க வண்டியோட கால ஊனினாத்தான் மதிலுக்கு மேலால கிளைய எட்டுமாம். நீங்க கேட்ட கேள்விக்குக் கிடைச்சதுக்கா அது!"

தையலக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். அன்று அதிகாரியின் அறையில் பேசியது காதில் திரும்ப ஓடியது. வேற பக்கம் அனுப்பிடறேம்மா. ரொம்ப நன்றி சார். நீங்க நல்லா இருக்கணும்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். காற்றுக்குப் பயந்து மற்றப் பிள்ளைகள் அன்று வரவில்லை. ஊஞ்சல் முழுக்கத் தனக்கே என்று வாலு கொண்டாட்டமாக ஆடிக்கொண்டிருந்தாள். மேலே கிளை, ஆடக்கூடாத விதமாக ஆடிக்கொண்டிருந்தது. கடைப்பக்கத்து வாசல் பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு ஓடினால் போய்ச்சேர முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இத்தனை வருடமாகச் சும்மா சும்மா வந்த குரல், அன்று வேண்டும் என்றபோது வரவேயில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அம்மா கத்துவாள், கையை ஆட்ட வேண்டும் என்று திரும்பிய வாலு அந்த முகத்தைப் பார்த்தாள். தினமும் கத்துகிற அம்மாவுக்கு அவள் பயந்ததேயில்லை. சத்தமே வராத அம்மாவைப் பார்த்துப் பயந்துவிட்டாள். ஊஞ்சல் நிற்பதற்குள் குதித்து, விழுந்து, எழுந்து, "அம்மா, என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று ஜன்னலுக்கு ஓடிவந்தாள். அவள் கை கம்பியைத் தொட்டபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

கிளை ஊஞ்சல்மேல் கிடந்தது. உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. தையலக்கா கம்பிக்கு வெளியே கைகளை நீட்டி மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து கடைக்குள் விடும்வரை அந்தப் பிடியை விடவில்லை. "ஒண்ணுமில்லக்கா, ஒரு கீறல்கூட இல்ல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கு அது காதில் ஏறவேயில்லை.

அந்த வாரமே கூட்டம் கூட்டச் சொல்லி ஊர் திரண்டது. இந்தத் தடவை நிற்கவும் இடமில்லை. கணவர், நாத்தனார், வாலு எல்லோரும் வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் முன்வரிசையில் எழுந்து, "இந்தக்கா அன்னிக்கே கேட்டாங்க! விழறதுக்கு முன்னாடியா, விழுந்தப்புறமான்னு! எங்க எல்லாருக்கும் இல்லாத தைரியம் இவங்களுக்கு இருந்துச்சு. நீங்க என்ன செஞ்சீங்க? பதில் சொல்லுங்க!" என்று முழங்கினார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

வாழ்க்கையில் அவள் எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறாள். ஒவ்வொரு கைதட்டலும் மேலே விழுகிற மாதிரி பயந்தது அன்றுதான். அதிகாரி அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். "அந்தக் கேள்விய..." என்று ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் வாலு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "தப்பு எங்க பக்கம்தான். விசாரிக்கறோம்" என்று முடித்துவிட்டார்.

அவர் காட்டிக்கொடுத்திருந்தால் ஒருவேளை அவள் தலைகுனிந்து உட்கார்ந்தே இருந்திருப்பாள். காட்டிக்கொடுக்காததுதான் தாங்கவில்லை.

"இல்ல" என்று எழுந்தாள். "அவர் வண்டி அனுப்பத்தான் இருந்தார். நான்தான் போய்க் கேள்விய வாபஸ் வாங்கினேன். கிளை நல்லா இருக்குன்னு சொன்னேன். என் பிள்ளை அதுக்குக் கீழதான் ஆடும்னு தெரிஞ்சே சொன்னேன்."

"எங்கிட்டகூடச் சொல்லலியே அண்ணி" என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?" என்றார் அதிகாரி.

"நீங்க பாத்துக்கறோம்னு சொன்னீங்களே சார். எனக்குப் பயமாயிடுச்சு. கடைய எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன்."

"ஆமாம்மா, பாத்துக்கறோம்னுதானே சொன்னேன்?"

"அதுக்குத்தான் சார் பயந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக அந்த மனிதர் முகத்திலிருந்து புன்னகை விலகியதைப் பார்த்தார்கள். அந்த நேரம் மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். கிளையப் பத்தி நான்தான் கேக்கறதா இருந்தேன். என் கடைப் பலகை நடைபாதையில கொஞ்சம் நீட்டிக்கிட்டிருக்கு. கிளைய வெட்ட ஆளுங்க தெருவுக்கு வந்தா அதையும் பாத்துடுவாங்களேன்னு பூட்டோட நிறுத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டு, தலைவராக இருந்தவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

அதிகாரி மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். "நான் யாரையும் மிரட்டலைங்க. எனக்கு மேல இருக்கறவங்க எங்கிட்டயும் இதத்தான் சொல்றாங்க. வண்டி கேட்டா பாத்துக்கறோம், ஆள் கேட்டா பாத்துக்கறோம். நாள் சொல்லிட்டு வண்டி வரலைன்னா என் தலைதான் உருளும். அதான் நானும் இப்படியே சொல்லிப் பழகிட்டேன்."

"மத்த மரத்துலயும் பட்ட கிளை இருக்கு சார்" என்றாள் தையலக்கா. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. "புகார் வந்தாலும் வராட்டியும் வெட்டணும். என்னை மாதிரி யாராவது வாபஸ் வாங்கினாலும் வெட்டணும். எப்ப வெட்டுவீங்க?"

"அத நாங்க பாத்..." என்று தொடங்கிய அதிகாரி பாதியில் நின்றார். கூடம் முழுவதும் அவர் வாயையே பார்த்தது. "வியாழக்கிழமை" என்றார். "காலையில. நானே வந்து நிக்கறேன்."

கூட்டம் கலைந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் புகழவுமில்லை. கணவர் அவள் தோளைத் தொட்டு, "வா" என்றார், அவ்வளவுதான். வாசலில் அதிகாரி எதிரே வந்தார். வந்ததே வந்தோம் என்று அவள் கேட்டுவிட்டாள்.

"சார், என் கடை?"

"கடையா? நல்லாத்தானே நடக்குது." அவர் சிரித்தார். "பாத்துக்குங்கம்மா." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நால்வரும் தெருவுக்கு வந்தார்கள். வாலு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் தானாகவே பிடித்துக்கொள்கிறாள், யாரும் சொல்லவேண்டியிருப்பதில்லை. தெருமுனை வரைக்கும் தையலக்கா கூடவே நடந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் வாலு.

"இரு" என்று மகளின் கையைக் கணவர் கையில் கொடுத்தாள் தையலக்கா. முகத்தில் அதே பயம்தான், கொஞ்சமும் குறையவில்லை. "எந்தப் பாத்துக்குங்கன்னு கேட்டுட்டு வந்துடறேன்."

திரும்பி நகரசபைக்குள் போனாள்.